எங்களுக்காகப் பேசியவர்

9 மார்ச் 1997, ஞாயிறு
பூசை முடிந்து வந்து, மத்தியானம் நிலம் பார்க்கப் போனோம். தமிழ்ச் சங்கக் கட்டடத்தை ஒட்டின காலி மனை. மராட்டிச் சீமையில் இந்தத் தேஹு ரோட்டில் நம் வீட்டுக் கல்யாணம் என்றால் பந்தி தெருவில்தான். இது கிடைத்தால் நிம்மதி. கமிட்டியில் எல்லாரும் போனோம். நிலக்காரர் தாத்யா கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து டீ கொடுத்தார். வழக்கம்போல் பரமசிவம் அண்ணன்தான் பேசினார். சங்கத்தின் அறங்காவலர், ராணுவ டெப்போவில் வேலை பார்க்கும் தமிழர்களில் அவர் அளவுக்கு மராட்டி வேறு யாருக்கு வரும்? நாங்கள் தலையாட்டிக்கொண்டு சிரித்தோம். வெளியே வந்ததும் சொன்னார்: "இப்போ விக்க மாட்டாராம். மகன்மாருக்குள்ள சண்டையாம். பொறுத்துப் பாப்போம்."

டீ மட்டும் நன்றாக இருந்தது.

22 ஜூன் 1997
மழை பிடித்துவிட்டது. துவைத்த சீருடை ஒன்றும் காயவில்லை.

14 பிப்ரவரி 1998
மனையைச் சுற்றி முள்கம்பி, உள்ளே லாரிகள். சந்தையில் தாத்யாவின் மருமகளைப் பார்த்து, எனக்குத் தெரிந்த டெப்போ இந்தியில் கேட்டேன். அவளுக்கே ஆச்சரியம். அன்றைக்கே எங்கள் முன்னால்தான் தாத்யா தருகிறேன் என்றாராம். அடுத்த வாரம் அண்ணன் தனியாகப் போய், சங்கத்துக்கு வேண்டாமாம், நானே எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். பத்திரம் அண்ணன் மனைவி விசாலாக்ஷி மதினி பேரில்.

எங்க முன்னாலயேவா? நாங்க டீ குடிச்சிக்கிட்டு இருக்கும்போதேவா?

16 பிப்ரவரி
வேலைக்குப் போகவில்லை.

பெரியவன் பிறந்த சமயம் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. டாக்டரம்மா மராட்டியில் ஏதோ சொல்ல, என்னவென்று தெரியாமல் நான் அழ, அண்ணன் கதவுக்கு வெளியே நின்று கத்தினார்: "பயப்படாத மேரி, கொடி சுத்திருக்காம். ஆபரேசன் பண்ணிருவாங்களாம், ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆவாதாம்!" அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் பிழைத்தேன். ரேஷன் கார்டு, பள்ளிக்கூடம், காஸ், எல்லாவற்றுக்கும் அவர் வாய்தான். ஞாயிற்றுக்கிழமை லோக்கல் ரயிலில் லோணாவளா மலைக்கு எல்லாக் குடும்பமும் புளிச்சோற்றோடு கிளம்புவோம். ஜன்னலோர மராட்டிக் கிழவிகளைப் பேசியே சிரிக்க வைத்து எங்கள் பிள்ளைகளுக்கு இடம் வாங்கிக் கொடுப்பார். எத்தனை சந்தோஷமான நாட்கள்! அந்த மனுசனா இப்படி?

3 மே 1998
பொதுக்குழுவில் நாற்காலி பறக்காத குறை. அண்ணன் எழுந்து, "சங்கத்துப் பைசாவைத் தொட்டேனா? என் பி.எஃப். பணத்துல வாங்கினேன்" என்றார். பாதிப் பேர் "அதானே" என்றார்கள். எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது.

11 ஜூலை 1998
சிவாஜிநகரில் வக்கீல் தேவ்தர் அம்மாவைப் பார்த்தோம். பொறுமையாக இந்தியில் விளக்கினார். பணம் அண்ணனுடையதாகவே இருக்கட்டும். சங்கத்துக்காகப் பேசப் போன இடத்தில் கிடைத்த வாய்ப்பு சங்கத்துக்குத்தான் சொந்தம். நஷ்டஈடு கேட்டால் பணம் வரும், இடம் வராது. ஆகையால் இடத்தையே சங்கத்துக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். அவர் போட்ட விலையைச் சங்கம் திருப்பித் தரும். லாரி வாடகைக்கு அவர் கணக்குக் காட்ட வேண்டும். அறங்காவலர் பொறுப்பிலிருந்து அவரை நீக்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை விற்கத் தடை. இதற்கெல்லாம் முதலில், சங்கங்களின் சொத்தைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனரின் அனுமதி வேண்டுமாம்.

"சாட்சிக்கு யார்?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

20 நவம்பர் 2000
மறுபடியும் வாய்தா. கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்தே பாதி மராட்டி வந்துவிட்டது, சுவர் நோட்டீசை எழுத்துக்கூட்டிப் படிக்கவும். பக்கத்து பெஞ்சில் மருமகளைத் திட்டிய கிழவிக்கு நன்றி.

4 மார்ச் 2001
விசாலாக்ஷி மதினி வந்தார். உட்காரவில்லை. "நீயும் சாட்சி சொல்லப் போறியாமே? காலமெல்லாம் உங்களுக்காகவே பேசினாரு. ஒரே ஒரு தடவ எங்களுக்காகப் பேசினாரு. அது குத்தமா மேரி?"

மதினி போன பிறகுதான் பதில் வந்தது. எங்ககிட்ட கேட்டிருந்தா நாங்களே குடுத்திருப்போமே அண்ணே! ஏன் பொய் சொன்னீங்க?

17 ஆகஸ்டு 2001
சொன்னேன். பார்த்ததையும், அன்று அண்ணன் தமிழில் சொன்னதையும். நான் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

9 டிசம்பர் 2002
ஜெயித்தோம். கேட்டதெல்லாம் கிடைத்தது. அப்பீல் இல்லை என்று அண்ணனே சொல்லி அனுப்பிவிட்டார். ஜிலேபி கொடுத்தார்கள். எனக்கு இறங்கவில்லை. ஸ்டேஷனில் லோணாவளா வண்டியைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

25 ஏப்ரல் 2003
பத்திரப் பதிவு. புதுக் கமிட்டியில் நாங்கள் ஒரு பக்கம், மதினி எதிரே, அண்ணன் அவர் பின்னால் சுவரோரம். நன்றாக மெலிந்திருந்தார். குமாஸ்தா பத்திரத்தை மராட்டியில் கடகடவென்று படித்துவிட்டு, "புரிந்ததா?" என்றான்.

எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் பழக்கத்தில் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்த பிறகுதான் யாரைப் பார்த்தோம் என்று உறைத்தது. அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். பத்திரத்தை வாங்கி, வரி வரியாகத் தமிழில் சொன்னார்.

நான் கூடவே எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டு வந்தேன். எதையும் விடவில்லை. அந்த வரி வந்தது. "சங்கத்தோட நம்பிக்கைக்கு மாறா நடந்ததால பொறுப்புலேர்ந்து நீக்கப்பட்ட பரமசிவம்" என்று, வேறு யார் பெயரையோ சொல்வதுபோல் அதையும் சொன்னார்.

"சரியா மேரி?" என்றார்.

"நீங்க சொன்னா சரிதான், அண்ணே" என்று கையெழுத்துப் போட்டேன். எனக்கு இப்போது மராட்டி தெரியும் என்று சொல்லவில்லை.