நேர்ந்துவிட்ட நீலம்

1916, ஜூலை 9
ஞாயிறு, பூசை முடிந்த பிறகு

அன்புள்ள பாஸ்தியன் அண்ணனுக்கு,

ஞானஸ்நானத்தில் நீங்கள் கையில் ஏந்திய உங்கள் ஞானப்பிள்ளை லூசியனும் நானும் சுகம். உயிரோடு இருந்து, கால் நனையாமலும் இருந்துவிட்டால் அதுவே போர்முனையில் சுகம் என்று போன விடுப்பில் நீங்கள் சொன்னீர்கள். அந்தச் சுகமாவது உங்களுக்குக் கிடைக்கட்டும். பொட்டலத்தில் உப்பிட்ட இறைச்சித் துண்டு ஒன்றும் கம்பளிக் காலுறை ஒரு ஜோடியும் வைத்திருக்கிறேன். ஒரு காலுறை மற்றதைவிட நீளமாக இருக்கும், கோபிக்காதீர்கள். பின்னிக்கொண்டிருந்தபோது என் நாத்தனார் வந்து பேச்சுக் கொடுத்துவிட்டார்.

ஒர்த்தன்ஸ் அண்ணியை உங்களுக்குத் தெரியும். கோயிலுக்கு எதிரே அவர் வைத்திருக்கிற பிள்ளைகள் துணிக்கடை முன்பு எப்படி இருந்தது என்பதும் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளை முக்காடு, கல்யாண வீட்டுக்கு மாலுமி உடுப்பு, ஞானஸ்நானத்துக்கு முழ நீளச் சரிகைச் சட்டை என்று தொங்கும். இப்போது எல்லாம் கறுப்பு. கைக்குழந்தைக்குக்கூட கறுப்புத் தொப்பி வைத்திருக்கிறார். வியாபாரம் நன்றாக நடக்கிறது, அதைச் சொல்லிச் சொல்லி அவரே அழுகிறார். அவரும் மார்ச் மாதத்திலிருந்து கறுப்பில்தான் இருக்கிறார், தம்பிக்காக, என் ஃபிர்மேனுக்காக.

நான் இன்னும் கறுப்பு உடுத்தவில்லை. மேயர் என் வாசலுக்குக் கொண்டுவந்த தாளில் "காணவில்லை" என்றுதான் இருந்தது. காணாமல் போனவர் திரும்பி வந்து, கதவைத் திறக்கிற மனைவி கறுப்பில் நிற்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? இதைச் சொன்னதற்கு ஒர்த்தன்ஸ் அண்ணி, "ஊரு உன்னப் பாத்துச் சிரிக்குதுடி மெலானி. புருஷன் போய் நாலு மாசம் ஆச்சு, நீ சாம்பல் கலர் பாவாடையில காய்கறி வாங்கப் போற" என்றார். சிரிக்கிற ஊர் சிரிக்கட்டும் என்றேன்.

என்னை விட்டுவிட்டார். லூசியனை விடவில்லை. அவன் விஷயம்தான் இந்தக் கடிதம்.

ஒரு வயதில் அவனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நின்று நின்று வந்ததே, அன்றைக்கு நீங்கள்தான் மழையில் ஓடி மருத்துவரைக் கூட்டி வந்தீர்கள். அவர் வருவதற்குள் நான் மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலில் விழுந்து, பிள்ளை பிழைத்தால் ஏழு வயது வரை நீலமும் வெள்ளையும் தவிர வேறு நிறம் அவன் உடம்பில் படாது என்று நேர்ந்துகொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பதற்றத்தில், "உன் நிறத்துல கவுன் போட்டு வளக்கிறேன் தாயே" என்று கவுனையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்துப் பையன்கள் நாலு, ஐந்து வயதில் கவுனை விட்டுக் கால்சட்டைக்கு மாறிவிடுகிறார்கள். இவன் மட்டும் ஏழு வயது வரை நீலக் கவுனோடு பள்ளிக்கூடம் போகிறான். "மாலுமி உடுப்பும் நீலம் வெள்ளைதானே, அதப் போட்டு விடு, மாதா என்ன கோவிச்சுக்கவா போறாங்க" என்று ஒர்த்தன்ஸ் அண்ணி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். எனக்குத் துணிச்சல் வரவில்லை. வாக்குக் கொடுத்து வாங்கிய பிள்ளை.

பையன்கள் அவனை, "ஏய் மாதா பொம்ம! பாவாடையத் தூக்கிட்டு ஓடு!" என்று துரத்துவார்கள். அழுதுகொண்டே வந்து, கால்சட்டைக்கு இன்னும் எத்தனை ஞாயிறு என்று கேட்பான். ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாளில் நேர்ச்சை முடிகிறது. கோயிலில் நீலக் கவுனைக் கழற்றி மாதா காலடியில் வைத்துவிட்டு, அங்கேயே புது உடுப்புப் போட்டுக்கொண்டு வெளியே வர வேண்டும்.

ஜனவரி விடுப்பில் நீங்களும் ஃபிர்மேனும் சேர்ந்து வந்தீர்களே, அந்தப் புது வானநீலப் பட்டாள உடுப்போடு. லூசியன் தன் அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்பாவையும் மாதாவுக்கு நேந்து விட்டாச்சா?" என்று கேட்டான். நீங்கள் சிரித்துச் சிரித்து உங்கள் மது நாற்காலியில் கொட்டிப் போயிற்று. மறுநாள் ஃபிர்மேன் சந்தைக்குப் போய்ச் செம்பழுப்பு நிறத்தில் வெல்வெட் வாங்கி வந்தார். "எம்மவன் கால்சட்டைக்கு மொதப் பொத்தான் நாந்தான் போடுவேன், எவனும் கைய வைக்கக் கூடாது" என்றார். "அப்ப ரெண்டாவது பொத்தான் ஞானத்தகப்பனுக்கு" என்று நீங்கள் சண்டைக்குப் போனீர்கள். அந்த வெல்வெட்டை நான் மே மாதமே தைத்து முடித்துவிட்டேன். பிள்ளை வளருவான் என்று கீழ் மடிப்பில் நிறையத் துணி விட்டிருக்கிறேன்.

ஒர்த்தன்ஸ் அண்ணி அவனுக்குக் கறுப்பு உடுப்பு எடுத்து வைத்திருக்கிறார். ஏழு வயதுக்குக் கீழ் இருக்கிற பிள்ளைக்கு நேர்ச்சையைக் காட்டித் தப்பிக்கலாம், ஏழு முடிந்தால் புத்தி தெளிந்த பிள்ளை, அப்பனுக்குத் துக்கம் காக்கத்தான் வேண்டும் என்கிறார். எதிர்த்துப் பேசினால் சரித்திரத்தை எடுத்துவிடுவார். "ராசா காலத்துல புள்ளைங்களுக்குப் பவுடரும் பூசி இடுப்புல வாளும் கட்டி விட்டாங்க, பெரியவங்க மாதிரியே. அப்புறம் எல்லாத்தையும் கழட்டிப் போட்டு ஓடியாடி வெளையாடட்டும்னு விட்டாங்க. அப்புறம் திரும்ப இறுக்கிக் கட்டினாங்க. எந்தக் காலத்துலயும் துக்கத்துக்கு மட்டும் கறுப்புதான்டி!" என்றார். அவரிடம் என்னால் பேசி ஜெயிக்க முடியாது.

பெந்தெகொஸ்தே ஞாயிறன்று புதுநன்மைப் பூசைக்குப் போயிருந்தேன். பையன்கள் எல்லாருக்கும் இடது கையில் வெள்ளைப் பட்டுக் கைப்பட்டை. அதை அப்பன்தான் வாங்கி, அப்பன்தான் கட்ட வேண்டும். அப்பன் இல்லாத பிள்ளைக்குத்தான் ஞானத்தகப்பன் கட்டுவார். இந்த வருடம் கோயிலில் அப்பன்மார் கைகள் கொஞ்சமாகத்தான் இருந்தன. என்னால் பூசை முடியும்வரை உட்கார முடியவில்லை.

லூசியன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். போன வாரம் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். உங்கள் ஞானப்பிள்ளை தனியாகக் கோயிலுக்குப் போய் அவரிடம், "சாமி, எனக்கு நேர்ச்சைய இன்னும் ஏழு வருஷம் நீட்டிக் குடுங்க" என்று கேட்டிருக்கிறான். கவுன் போட்டதற்காகத் தினமும் அழுத பிள்ளை. எதற்கடா என்று சாமியார் கேட்டதற்கு, "நீலத்தக் கழட்டுனா கறுப்பு போடணும். கறுப்பு போட்டா அப்பா செத்துருவாரு" என்றானாம்.

அண்ணா, அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பிள்ளையின் கவுனுக்குப் பின்னால் நானும்தான் ஒளிந்துகொண்டிருந்தேன். இனி அவனை அப்படி நிறுத்தி வைக்க மாட்டேன். எது உண்மையோ அந்த நிறத்தில் அவன் மாதா முன்னால் நிற்க வேண்டும்.

நீங்கள் அவர் பக்கத்தில் இருந்தவர். "ஒரே புகையா இருந்துச்சு, ஒண்ணும் தெரியல" என்று ஏப்ரலில் எழுதினீர்கள். உங்களை நான் நம்பினேன், நம்ப எனக்கு ஆசையாக இருந்தது. இப்போது உண்மையைக் கேட்கிறேன். எழுத உங்களுக்குக் கை வராது, எனக்குத் தெரியும். அதனால் இந்த உறைக்குள் இரண்டு ரிப்பன் வைத்திருக்கிறேன், ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. உங்கள் கண்ணால் எதையும் பார்க்கவில்லை என்றால் நீலத்தை அனுப்புங்கள். பார்த்திருந்தால் கறுப்பை. காரணம் ஒன்றும் எழுத வேண்டாம். உங்கள்மேல் எனக்கு ஒருநாளும் வருத்தம் வராது.

மாதா உங்களை மூடி வைத்துக் காப்பாற்றட்டும்.

உங்கள் தங்கை,
மெலானி


1916, ஆகஸ்ட் 20
ஞாயிறு

அன்புள்ள பாஸ்தியன் அண்ணனுக்கு,

உங்கள் பதில் திருநாளுக்கு மூன்று நாள் முன்னால் வந்து சேர்ந்தது. பிரித்தேன். நீல ரிப்பன் மடியில் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக்காரி கையில் மாவோடு ஓடி வந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். வெல்வெட் உடுப்பை எடுத்துத் தேய்க்கக் கரி மூட்டினேன்.

பிறகுதான் உட்கார்ந்து உங்கள் நாலு வரியைப் படித்தேன். குளிர் இல்லை, காலுறை சரியாக இருக்கிறது, இறைச்சிக்கு நன்றி. கடைசியில், "லூசியனப் பத்திக் கவலப்படாத தங்கச்சி. அவன் புதுநன்மைக்கு வெள்ளைப் பட்டுக் கைப்பட்டைய நானே வாங்கிட்டு வந்து என் கையால கட்டுவேன், இது சத்தியம்" என்று எழுதியிருந்தீர்கள்.

அண்ணா, நீங்கள் நல்ல மனிதர். பொய் சொல்ல மட்டும் வரவில்லை. அப்பன் உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எந்த ஞானத்தகப்பன் கைப்பட்டை கட்டச் சத்தியம் செய்வார்? ஃபிர்மேன் இருந்தால் உங்களைத் தெருவெல்லாம் துரத்தி அடிப்பார் அல்லவா?

இரும்புப் பெட்டியில் கரி சாம்பலாகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். உங்கள்மேல் வருத்தம் இல்லை என்று எழுதியிருந்தேன், அது இப்போதும் உண்மை. எனக்குக் கறுப்பை அனுப்ப உங்களுக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதானே.

அன்றைக்கே ஒர்த்தன்ஸ் அண்ணியிடம் போனேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். உங்கள் கடிதத்தை மேசைமேல் வைத்தேன். படித்துவிட்டு, எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். இத்தனை மாதம் தம்பி போய்விட்டான் என்று அடித்துப் பேசிய மனுஷி, அன்றைக்குத்தான் தரையில் உட்கார்ந்து, "நெசமாவா? நெசமாவே போயிட்டானா?" என்று என்னைக் கேட்டார். நான் நம்பிக்கொண்டிருந்ததை அவரும் உள்ளே கொஞ்சம் நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அவர் எடுத்து வைத்திருந்த கறுப்பு உடுப்பை நான் வாங்கவில்லை. அப்பா வாங்கிக் கொடுத்த துணியைத்தான் பிள்ளை போடுவான், அதையே சாயம் போடுகிறேன் என்றேன். "வெல்வெட்ட அண்டாவுல போட்டா சுருங்கிப் போயிடும்டி, கிறுக்கி" என்று திட்டிக்கொண்டே கடைக்குப் பின்னால் அவரே அடுப்பை மூட்டினார். இரண்டு பேரும் மாறி மாறிக் கிளறினோம். செம்பழுப்பு நிறம் கண்முன்னே போயிற்று. இரண்டு பேருக்கும் கையில் முழங்கை வரை கறுப்பு. மூன்று நாள் சோப்புப் போட்டும் போகவில்லை.

லூசியனிடம் நான்தான் சொன்னேன். கிணற்றடியில் உட்கார வைத்துச் சொன்னேன். கவுன் ஓரத்தை முறுக்கினான். பிறகு, "நான் நல்லாத்தானே போட்டிருந்தேன்? ஒரு நாள் கூடக் கழட்டலையே" என்றான். "இல்ல கண்ணு, நீ ஒண்ணும் தப்புப் பண்ணல. நீ போட்டிருந்தது ஒன்னக் காப்பாத்த. அப்பாவுக்கு அது எட்டல" என்றேன். இதைவிட நல்ல பதில் எனக்கு வரவில்லை. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

திருநாளன்று கோயில் நிறைந்திருந்தது. முதல்முறையாக நானும் கறுப்பில் போனேன். மாதா பீடத்துக்குப் பக்கத்து அறையில் அவன் கவுனைக் கழற்றி, தானே மடித்து என்னிடம் கொடுத்தான். கால்சட்டையை மாட்டினான். முன்பக்கம் இடுப்புப் பட்டியிலிருந்து கீழே வரிசையாகப் பொத்தான்கள். ஒர்த்தன்ஸ் அண்ணி பழக்கத்தில் குனிந்து கையை நீட்டினார், பாதியில் நிறுத்திக்கொண்டு, "நான் தொட மாட்டேன். எந்தம்பி சொல்லியிருக்கான்" என்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். எனக்கும் கை போகவில்லை.

லூசியன் தானே போட்டுக்கொண்டான், அண்ணா. மூன்றாவதிலிருந்து. மேலே இரண்டும் திறந்தபடி இருந்ததைப் பார்த்து, "அதையும் போடு ராசா, கால்சட்ட நிக்காது" என்றேன். "மொதப் பொத்தான் அப்பாவோடது. அது அப்படியே இருக்கட்டும்" என்றான். தோள்வார் இருந்ததால் கால்சட்டை நின்றது. அப்படியே நடந்து போய் நீலக் கவுனை மாதா காலடியில் வைத்தான். அவனை மாதா பொம்மை என்று துரத்திய பையன்கள் இரண்டாவது வரிசையில் இருந்தார்கள். ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. அவர்களிலும் பாதிப் பேர் கறுப்பில் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து கால்சட்டையைத் துவைக்கும்போது பார்த்தேன். கீழ் மடிப்பை இறுக்கித் தைத்திருந்தேன் அல்லவா, உள்ளே சாயம் ஏறவில்லை. அங்கே அவர் வாங்கின நிறம் அப்படியே இருக்கிறது. லூசியனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் உயரம் கூடும்போதெல்லாம் மடிப்பைப் பிரித்துவிட வேண்டும். அப்பாவின் துணி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். "அப்ப நான் சீக்கிரம் வளரணும்" என்றான். அன்றைக்கு இரண்டு கிண்ணம் சூப்புக் குடித்தான்.

நீங்கள் அனுப்பிய நீல ரிப்பனை இதில் திருப்பி வைத்திருக்கிறேன். அதை உங்கள் மேற்சட்டைக்கு உள்பக்கம் தைத்துக்கொள்ளுங்கள். வானநீல உடுப்பில் உங்களையெல்லாம் யாருக்கு நேர்ந்து விட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களை நான் மாதாவுக்கு நேர்ந்துவிட்டேன், இனி நீங்கள் அவளுடைய பிள்ளை. இந்தத் தடவை நிறத்தை மட்டும்தான் சொன்னேன், கவுன் சொல்லவில்லை. பயப்படாதீர்கள்.

எனக்கு இனி இதமாக ஒன்றும் எழுத வேண்டாம். அவர் எப்படிப் போனார் என்று என்றைக்காவது, நீங்கள் இங்கே அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்போது, உங்களுக்குச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். முடியாவிட்டால் வேண்டாம். நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும்.

முதல் பொத்தான் திறந்தே இருக்கும், அதற்கு இனி ஆள் இல்லை. இரண்டாவதைப் பற்றி லூசியன் இதை எழுதச் சொன்னான், அப்படியே எழுதுகிறேன்: "ஞானப்பா, இது ஒங்களோடது. நான் போட மாட்டேன், அம்மாவையும் போட விட மாட்டேன். குளிருக்கு முன்னாடி வந்துருங்க."

அவன் பிடிவாதக்காரன், உங்களுக்குத் தெரியும். குளிர் வந்தாலும் திறந்துகொண்டுதான் அலைவான். வாருங்கள் அண்ணா.

உங்களுக்காகத் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றும் தங்கை,
மெலானி