எலி தின்ற ஸ்பீக்கர்

இயேசு மரி சூசை

சிம்பாங் ரெங்கம்,
1943 ஜூன் 12, சனிக்கிழமை.

அன்பு மகன் கிரகோரிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் இந்த நிமிஷம் வரைக்கும் நானும் அப்பாவும் உன் தங்கச்சி இன்பராணியும் சுகமாக இருக்கிறோம், நீயும் தைப்பிங்கில் வேளைக்கு ஏதோ சாப்பிட்டு, காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை சொல்கிறேன். அடுத்த மாதம் லீவில் வருவதாக எழுதியிருந்தாயே, வராதே. முதலிலேயே சொல்லிவிட்டேன், காரணம் கீழே இருக்கிறது. இதைத் தபாலில் போடவில்லை, ரயிலில் கரி அள்ளிப் போடுகிற நம் லெட்சுமணன் கையில் கொடுத்து விடுகிறேன், அதனால்தான் வருஷத்தை ஜப்பான்காரன் கணக்கில் 2603 என்று போடாமல் நம் கணக்கில் எழுதியிருக்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

அரிசியைக் கண்ணால் பார்த்து மூன்று வாரம் ஆகிறது, மரவள்ளிக் கிழங்கை அவித்து, இடித்து, தட்டி, எப்படிக் கொடுத்தாலும் உன் தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அப்பாவுக்கு இழுப்பு குறையவில்லை, ஆனாலும் விடியற்காலைப் பெரட்டுக்கு ஒரு நாள் தவறாமல் போய், ஏட்டைப் பார்க்காமலே அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வருகிறார். வெள்ளைக்காரத் துரை இருந்தபோதும் அவர்தான் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி, இந்த ஜப்பான் மேனேஜருக்கும் அவர்தான் கிராணி. மேனேஜர் ஒரு அதட்டல் போட்டால் இவர் கை கட்டி நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து என்மேல் எரிந்து விழுவார், உனக்குத் தெரியாததா.

போன மாதக் கடைசியில் மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டு, வருகிற பதின்மூன்றாம் தேதி ஞாயிறு சாயங்காலம் பெரட்டுக்களத்தில் எல்லாருக்கும் பாட்டு வைக்க வேண்டும், ஆளுக்கு அரைச் சுண்டு அரிசியும் உண்டு, உன் வீட்டுப் பாட்டுப் பெட்டியைத் தயார் பண்ணு என்றாராம். துரை ஓடும்போது விட்டுப்போன பெட்டி, பத்து வருஷத்துக் கிழம், அது என்றைக்கு ஒழுங்காகப் பாடியது. போட்டுப் பார்த்தால் சத்தமே இல்லை. அப்பா உன் தலையில் தட்டுகிற மாதிரி அதை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான்தான் பின்பலகையைக் கழற்றினேன். வால்வு எல்லாம் எரிகிறது. தட்டு சுற்றுகிறது, ஊசிக்குப் பதிலாக எலுமிச்சை முள்ளைத்தான் செருகியிருக்கிறேன், காதை வைத்தால் முள்ளிலேயே பாட்டு மெல்லக் கேட்கிறது. அப்படியானால் கோளாறு ஸ்பீக்கரில்தான் என்று அதன் காகிதத்தை விரலால் லேசாக அழுத்தினேன், கரகரவென்று பாட்டு வந்தது, விரலை எடுத்தேன், நின்றுபோனது. பார்த்தால் காகிதத்துக்குப் போகிற தலைமுடி மாதிரிக் கம்பி அறுந்திருக்கிறது, காகிதமும் ஓரத்தில் கிழிந்திருக்கிறது. பால் டின் மூட்டில் இருந்த ஈயத்தைச் சுரண்டி, ஆணியைப் பழுக்கக் காய்ச்சி ஒட்டவைத்தேன். கிழிசலுக்கு மரவள்ளி மாவைப் பசையாகக் காய்ச்சி, பழைய காலண்டர் தாளை ஒட்டினேன். எப்படிப் பாடியது தெரியுமா, லயத்துச் சனமெல்லாம் நம் வாசலில் வந்து நின்றுவிட்டது. மேனேஜரே வந்து கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்கு இரண்டு நாள் தலைக்கனம் தாங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை காளியம்மா வந்தாள். பக்கத்துத் தேநீர் மலைத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள், பால் மரக் காட்டுக்குள்ளேயே நடந்து வந்திருக்கிறாள், காலெல்லாம் அட்டைக்கடி. அங்கேயும் இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டு வைத்தார்களாம். சனம் குளித்து, இருக்கிற நல்ல துணியை உடுத்திக்கொண்டு களத்துக்குப் போயிருக்கிறது. பாட்டு நடக்கும்போதே இரண்டு பக்கமும் லாரி வந்து நின்றிருக்கிறது. ஆண்பிள்ளைகளை அப்படியே ஏற்றிக்கொண்டு சயாமுக்கு ரயில் ரோடு போட அனுப்பிவிட்டார்கள், அவள் புருஷன் பிள்ளைக்கு வாங்கின பால் டின்னைக் கையில் வைத்தபடியே ஏறினானாம். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. நம் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, “பாட்டு நல்லாக் கேட்டுச்சும்மா, அதனாலதான் எல்லாரும் வந்தாங்க” என்றாள்.

கிரகோரி, இந்தப் பாவி கையாலேயா அதை ஒட்டவைத்தேன் என்று கையைப் பார்த்துப் பார்த்து அழுதேன். கம்பியைப் பிடுங்கிவிடலாம் என்றால் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார், ஊரே கேட்ட பெட்டி திடீரென்று கெட்டால் யார் கெடுத்தது என்று கேட்க மாட்டானா, தலை போய்விடும் என்றார். அதுவும் சரிதான். பிறகு எனக்கே ஒரு யோசனை வந்தது. பசை போட்ட காகிதம்தானே என்று, வீட்டில் இருந்த நெத்திலிக் கருவாட்டில் இரண்டை நசுக்கி, அந்தக் காகிதம் முழுக்கத் தேய்த்து, பின்பலகையைச் சாத்தாமல் அடுப்படியில் வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் நம் வீட்டு எலிகள் வஞ்சகம் இல்லாமல் வேலை செய்திருந்தன, காகிதம் பாதிக்கு மேல் இல்லை. இவ்வளவு நாள் அவற்றைச் சபித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

நேற்று மேனேஜர் குளுவாங்கிலிருந்து ரேடியோ பழுது பார்க்கிற ஒரு சீனரைக் கூட்டி வந்து காட்டினார். வயதானவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஸ்பீக்கர் கம்பியில் ஒரு பேட்டரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மீதிக் காகிதத்தைத் தொட்ட விரலை மூக்கருகே கொண்டு போனார். என்னைப் பார்த்தார். மாதாவே மாதாவே என்று மனசுக்குள் சொன்னேன். அவர் விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மேனேஜர் பக்கம் திரும்பி, “தீக்குஸ், துவான். ஹாபிஸ்” என்றார். எலி ஐயா, எல்லாம் தீர்ந்தது என்று மலாயில் சொல்லிவிட்டார். அந்த மனிதர் யாரோ எவரோ, இன்று அவருக்காகவும் ஒரு செபம் சொன்னேன்.

ஆனால் மேனேஜர் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்குப் பயம். பாட்டு இல்லாவிட்டால் போகிறது, தினமும் கூப்பிடுகிறவன் ஞாயிறு விடியற்காலையும் கூப்பிடட்டும் என்று சொல்லிவிட்டு, நூறு ஆள் வேண்டும், குறைந்தால் கூப்பிட்டவனும் லாரியில் ஏற வேண்டும் என்று அப்பாவிடம் விரல் நீட்டிச் சொன்னாராம். வீட்டுக்கு வந்தவர் கதவைச் சாத்தினார். என்மேல் எரிந்து விழவும் இல்லை. பிறகு, “நான் கூப்பிடறேன். யாரும் வரக்கூடாது. நீ போய்ச் சொல்லிட்டு வா” என்றார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்த மனிதரை எனக்குத் தெரியவில்லை பார். இன்று காலை மிளகாய் கடன் கேட்கிற சாக்கில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன், ஆண்பிள்ளைகள் எல்லாம் நாளை விடியுமுன் சதுப்புக் காட்டுப் பக்கம் போய்விடுவார்கள். நீங்களும் வாங்க என்று அவர்கள் அப்பாவைக் கூப்பிட்டார்கள். பெயர் கூப்பிட ஆள் இல்லை என்றால் மேனேஜர் உடனே தேடிக்கொண்டு காட்டுக்குள் வந்துவிடுவான், நான் மெதுவாகக் கூப்பிட்டால் நீங்கள் தூரம் போகலாம் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு உன் பழைய கம்பளிச் சட்டையையும் ஒரு போர்வையையும் மூட்டை கட்டி வைத்திருக்கிறேன், சயாமில் குளிருமாம்.

லெட்சுமணன் வாசலில் நிற்கிறான், முடிக்கிறேன். உடனே வா என்று அப்பா கையெழுத்திலேயே தபால் வந்தாலும் வராதே. நேரத்துக்குச் சாப்பிடு, காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரையை யாருக்கும் தானம் பண்ணாதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். அப்பாவை இரண்டு வரி எழுதச் சொன்னேன், நீயே எழுது என்று மறுத்துவிட்டார். பின்கட்டில் உட்கார்ந்து நாளைக்குக் கூப்பிட வேண்டிய பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறார். நடுவில் உன் பெயரும் வந்தது. அவன் ஏன் அதில் என்று கேட்டேன். வராதவர்கள் பட்டியல்தானே, அவனும் இருக்கட்டும் என்றார்.

உன் அம்மா,
வினிஃப்ரெட் அமலநாதன்