மண்டபம் இருந்த இடம்

சாம்பியன் ரீப்ஸ்,
வியாழக்கிழமை.

அன்புள்ள பாரி அண்ணாவுக்கு,

உன் தங்கை கயல்விழி எழுதுகிறேன். மஸ்கட்டில் நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் லைன் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பாவின் கட்டிலுக்குக் கேட்கும். வாட்ஸ்அப்பில் போட்டால் அடுத்த நிமிடமே நீ கூப்பிட்டுக் கத்துவாய். அதுவும் அவருக்குக் கேட்கும். அதனால்தான் ரத்தினம் மாமாவின் மருமகன் மஸ்கட் திரும்பும்போது அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

நம் புத்தர் மண்டபத்தை இடித்துவிட்டார்கள் அண்ணா. போன திங்கட்கிழமை, பட்டப்பகலில். ஒரு சுவர்கூட மிச்சமில்லை.

அன்று காலை ரயிலில் வழக்கம்போல் லைனில் முக்கால்வாசிப் பேர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். மீதி இருந்தது பென்ஷன்காரர்களும், என்னைப்போல நோயாளிக்குக் காவல் இருப்பவர்களும்தான். கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன், தரை அதிர்ந்தது. நம் ஊரில் தரை அதிர்ந்தால் யார் வெளியே ஓடுகிறார்கள்? பூமிக்கடியில் பாறை வெடிக்கிற ஏர் பிளாஸ்ட் சத்தத்தை நாம் வயிற்றில் இருக்கும்போதே கேட்டவர்கள். தங்கச் சுரங்கத்தை மூடி இத்தனை வருஷமாகியும் எப்போதாவது வரத்தான் செய்கிறது. அலமாரியில் குலுங்கிய தட்டைப் பிடித்து நிறுத்திவிட்டு நான் கஞ்சியைக் கிண்டினேன். ரத்தினம் மாமா பேப்பரிலிருந்து தலையையே தூக்கவில்லையாம். மறுபடி அதிர்ந்தபோது அப்பா படுத்தபடியே சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இன்னாத்துக்கு முழிக்கிற? சின்ன பிளாஸ்ட்டுதான். நம்ம மண்டபம் இத்தவிட பெருசெல்லாம் தாங்கிக்கினு நிக்குது" என்றார்.

மார்க்கெட்டிலிருந்து மூச்சிரைக்க வந்த நேசமணி அக்காதான் என்னை வாசலுக்கு இழுத்துக் காதில் சொன்னாள். "பிளாஸ்ட்டும் இல்ல ஒண்ணும் இல்லடி, ஜேசிபி வந்து உங்க மண்டபத்த இடிச்சிக்கினு கீது." ஓடினேன். அதற்குள் தகரக் கூரை மடங்கிக் கிடந்தது. முதல் அதிர்வுக்கே நாங்கள் பத்துப் பேர் போயிருந்தால் அந்த வண்டிக்கு முன்னால் படுத்தாவது தடுத்திருப்போம். எங்கள் காதே எங்களை ஏமாற்றிவிட்டது. நினைக்க நினைக்க நெஞ்சு ஆறவில்லை. புத்தர் சிலையை மட்டும் இடிக்க வந்தவர்களே வெளியே தூக்கி வைத்திருந்தார்கள். அது இப்போது நேசமணி அக்கா வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அந்த இடத்துக்கு யாரோ பத்திரம் வாங்கியிருக்கிறார்களாம். நம்மிடம் என்ன இருக்கிறது காட்ட? வட ஆற்காட்டிலிருந்து வந்த முதல் குடும்பங்கள் ஷிப்ட் முடிந்த களைப்போடு, சுரங்கக் கம்பெனி வேண்டாம் என்று கொட்டிய கல்லைச் சுமந்து கட்டியது அது. சொந்த ஊரில் கோயில் வாசலில்கூட நிற்க விடப்படாதவர்கள். தள்ளி நில் என்று யாரும் யாரையும் சொல்லாத ஒரு கூரை வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். ஒரு பேரை வெட்டினால் இன்னொரு பேர் விட்டுப்போகும் என்று ஒருவர் பேரையும் சுவரில் வெட்டவில்லை. போன வருஷம் பழைய கட்டடங்களைப் படம் எடுக்க பெங்களூரிலிருந்து பிள்ளைகள் வந்தார்களே, அவர்களில் ஷில்பா என்ற பெண் இதை யார் கட்டியது என்று என்னைக் கேட்டாள். நாங்கள் எல்லாரும்தான் என்றேன். துரைமார் பங்களாவுக்கெல்லாம் பேர் பேராக எழுதிக்கொண்டவள், நம்முடையதற்குக் கட்டியவர் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்டபத்தை இடித்தது அவருக்கு இன்னும் தெரியாது. நுரையீரலில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுரங்கத்தில் செத்தவர்களை இந்தச் சின்ன வீடுகளுக்குள் கொண்டுபோக முடியாமல் மண்டபத்தில் கிடத்தி ஆரம்பித்த வழக்கம், பிறகு எந்தச் சாவுக்கும் முறையாகிவிட்டது. அம்மாவையும் நீ தோள்கொடுத்துத் தூக்கிப்போய் அங்கேதான் இறக்கினாய். அப்பா நம்மிடம் கேட்பதும் அது ஒன்றைத்தான். "சுடுகாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி எங்கப்பன வச்ச எடத்துல என்னயும் கொஞ்ச நேரம் வையுங்க" என்று நேற்றும் கேட்டார். சரிப்பா என்றேன். வைகாசி பௌர்ணமிக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்றா என்றார். ஆயிற்று என்றேன். கண்ணைத் துடைக்கக்கூட வெளியேதான் போக வேண்டியிருக்கிறது.

கேஸ் போடலாம் என்கிறார் ரத்தினம் மாமா. அவர் ஒருவர்தான் சொல்கிறார். சாயந்திரம் ரயிலில் வருகிறவர்கள் அந்த வெறும் தரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள், பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். எனக்கும் நம்பிக்கை இல்லை. அப்பா இருக்கும்போதே யாரும் அதைத் திரும்பக் கட்டப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அவர் உன்னிடமும் அந்த வாக்கைக் கேட்பார். யோசிக்காமல் சரி என்று சொல்லிவிடு. குரல் உடைந்தால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடு. நான் சமாளித்துக்கொள்கிறேன்.

நீயும் அண்ணியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், புத்தர் துணை இருப்பார். லீவு தருவார்களா என்று காத்திருக்காதே, புறப்பட்டு வந்துவிடு. அப்பாவைத் தூக்க இங்கே ஆள் இருக்கிறார்கள் அண்ணா. எங்கே இறக்கி வைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

உன் வருகைக்காக ஏங்கும்,
கயல்