பச்சைக் கார் நகரவில்லை

ஜூன் 3, செவ்வாய்

கணினியில் கார் பந்தய ஆட்டத்திலிருந்து வெளியே வர வழி தெரியாமல் இன்றும் பிளக்கைப் பிடுங்கினேன். பகலெல்லாம் சலவைக்கடை வேன் ஓட்டுகிறவன், வீட்டுக்கு வந்து மரத்தில் மோதி, இறங்கத் தெரியாமல் முழிக்கிறேன். பெரிய டிரைவர்தான்!

மகள் பள்ளிக்கூடம் போன காலத்து ஆட்டம். அவள் அம்மா தவறிப்போன பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது இதனால்தான். ஒரே கீபோர்டில் இடது பக்கம் அவளுக்கு, வலது பக்கம் எனக்கு. அவளுடையது பச்சைக் கார், என்னுடையது சிவப்பு.

ஜூன் 8, ஞாயிறு

மகள் அழைத்திருக்கிறாள். வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்து ஞாயிறு மட்டும்தான் கணினியில் முகம் காட்டுவாள். ஆட்டம் திரை முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தது. அதற்குப் பின்னால் அழைப்பு வந்து போயிருக்கிறது. எஞ்சின் உறுமலில் மணி எங்கே கேட்கும்? திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை.

இனி அடுத்த ஞாயிறுதான். மடையன்டா நீ.

ஜூன் 10, செவ்வாய்

கணினிக் கடைக்காரரிடம் கேட்டேன்: "ஆட்டம் மொத்த இடத்தையும் பிடிச்சுக்குது. ஓரமா உக்கார வைக்க முடியுமா?"

"ஆல்ட்டையும் என்டரையும் சேத்து அமுக்குங்கண்ணே, சின்ன ஜன்னலாயிடும். பேரன் ஆடுறானா?"

"ஆமா. ரொம்ப அடம்."

இல்லாத பேரன்மேல் பழி.

ஜூன் 11, புதன்

சின்னதாகிவிட்டது. ஆனால் வானம் ஊதா, ரோடு ரோஸ். அவளுடைய பச்சைக் கார் கறுப்பு! மனசு கேட்கவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டேன். "பழைய ஆட்டம்ணே, கலர் எண்ணிக்கையைக் குறைச்சு வைங்க" என்றார். குறைத்தேன். பச்சை வந்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

ஒரு மூலையில் ஆட்டம், மறு மூலை அவளுக்கு. அழைப்பு வந்ததும் பாய்ந்து எடுத்தேன்.

"என்னப்பா, போன வாரம் ஆளையே காணோம்?"

"வேலைம்மா."

"எஞ்சின் சத்தம் கேக்குதே! வேனை வீட்டுக்குள்ளயா ஓட்டுறீங்க? திரையைக் காட்டுங்க பாப்போம்."

எப்படிக் காட்டுவது என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். பார்த்ததும் ஒரே கூச்சல்.

"அய்யோ, இது இன்னும் ஓடுதா! ஆமா, என் கார் ஏன் ஆரம்பக் கோட்டுலயே நிக்குது? ரெண்டு பேர் ஆட்டத்தைப் போட்டுட்டுத் தனியாவா ஆடுறீங்க?"

"ஒரு ஆளுக்கு மாத்தத் தெரியலம்மா."

"நல்லா ஆடுனீங்க போங்க! முதல் பக்கத்துல மேலயே ஒண்ணுன்னு இருக்கும்பா, அதை அமுக்குனா போதும்."

"அப்படியா?" என்றேன்.

அந்த ஒன்றைத் தினமும் தாண்டிப் போய்த்தான் இரண்டை அமுக்குகிறேன். அதை மட்டும் சொல்லவில்லை.