இடது கைக்கு எழுதிய பாட்டு

ரூவான் நகரிலிருந்து

அண்ணனுக்கு,

உன் பெயரில் அச்சான ஆர்கன் இசைப் புத்தகம் வந்து சேர்ந்தது. கொண்டுவந்த பாஸ்தியான், உன் ஆர்கனுக்குக் காற்றுத் துருத்தி மிதிப்பவன், சேதியையும் சொன்னான்.

"ஈஸ்டருக்கு ஆயர் வர்றாரும்மா. அஞ்சாவது பாட்டு ஐயாவுக்குக் கைவரல. நீங்க வந்து சொல்லிக்குடுக்கணுமாம்."

பெரின் அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். "அவன் எழுதுன பாட்ட அவனுக்கே வாசிக்கத் தெரியலையாமா?"

கோயிலில் பெண் வாசிக்கக் கூடாது என்று என்னை இங்கே அத்தை வீட்டுக்கு அனுப்பினாய். நான் எழுதிய இசைத் தாள்களை மட்டும் வைத்துக்கொண்டாய்.

சிறுவயதில் நான் இடது கையால் ரொட்டி எடுத்ததற்காக அந்தக் கையை நாற்காலியோடு கட்டியவன் நீ. அந்தக் கைக்காகத்தான் அந்த ஐந்தாவது பாட்டை எழுதினேன். ராகம் முழுவதும் இடது கையில் ஓடும். வலது கை வெறும் துணைக்குத்தான்.

பூசையில் ஆர்கன் நீண்டுபோனால் பலிபீடத்திலிருந்து மணியடித்து நிறுத்துவார்கள். நீ திணறியபோதெல்லாம் அந்த மணிதான் உன்னைக் காப்பாற்றியது. இம்முறை ஆயர் முழுப் பாட்டையும் வாசிக்கச் சொல்லியிருக்கிறாராம். மணி அடிக்காது.

நான் வரமாட்டேன். ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்கிறது. உன் வலது கையை நாற்காலியோடு கட்டிக்கொண்டு பழகிப் பார்.

இப்படிக்கு,
இடதுகைக்காரி