வால்வுக்குத் தைத்த குல்லா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அதேபோல நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எங்கள் இருவருக்கும் வருகிற முதல் நினைப்பு. வழக்கமாக இந்த வரியைக் கை தானாகவே எழுதிவிடும், இன்றைக்கு நிதானமாக, காரணத்தோடு எழுதியிருக்கிறேன், அந்தக் காரணம் போகப் போக உனக்கே தெரியும். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் பேசும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு நான் சொல்வதை எல்லாம் திருத்துவாள், கடைசியில் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். சின்னவளுக்கு இருமல் விட்டதா? தலையைத் துவட்டாமல் வெளியே அனுப்பாதே. மாப்பிள்ளை இன்னும் நடுச்சாலையில் வண்டியை விரட்டுகிறாரா என்று கேட்டதாகச் சொல், நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவன் கேட்கிறேன் என்றும் சேர்த்துச் சொல்.

அம்மாவின் கை எப்படி இருக்கிறது என்று நீ ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், அவளும் பரவாயில்லை பரவாயில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பரவாயில்லை என்பது பொய் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன குளிர்காலத்திலிருந்து காலை வேளையில் அவள் விரல்கள் மடங்கவே இல்லை. டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கித்தான் குடித்தாள். தையல் மெஷின்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடி, அதன்மேல் மடித்த துணிகளை அடுக்கி, அங்கே ஒரு மெஷின் இருந்ததே தெரியாதபடி செய்துவிட்டாள். தெருவில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்தவள், என் சட்டைப் பொத்தான் அறுந்தபோது கடைக்குக் கொடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். டாக்டர் காலையும் மாலையும் நல்ல வெந்நீரில் கையை வைத்து விரலை மடக்கி மடக்கி நீட்டச் சொன்னார், விடாமல் செய்தால் ஊசி பிடிக்கிற அளவுக்கு வரலாம், வராமலும் போகலாம் என்றார். நானும் அடுப்பில் பானையை ஏற்றி இறக்கித் தூக்கிக்கொண்டு நடந்தேன், ஒரு நாள் குளியலறை வாசலில் ஈரத்தில் வழுக்கி விழுந்து பாதத்தைச் சுட்டுக்கொண்டேனே, அது உனக்குத் தெரிந்த கதை. தெரியாதது என்னவென்றால், அதோடு அவள் வெந்நீரே வேண்டாம் என்று நின்றுவிட்டாள். என் கை போனா போகட்டும், நீங்க விழுந்து படுத்தா உங்கள யார் தூக்குறது என்று ஒரே பிடிவாதம். அந்தச் சமயத்தில்தான் நீ ஹீட்டர் வாங்கி அனுப்பினாய்.

பெட்டி வந்து இறங்கியதும் மாட்டுவதற்கு நம் தெருக்கோடியில் இருக்கிற குழாய் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். அவருக்கு ஊரே வைத்திருக்கிற பெயர் அவசரம், ஏனென்றால் வாழ்க்கையில் ஒரு தடவைகூட அவர் அவசரப்பட்டதில்லை. வந்தார், சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார், இந்தச் செங்கல் தாங்கும், அந்தச் செங்கல் தாங்காது என்று அரை நாள் அதிலேயே ஓட்டினார். தண்ணீர் நிறைந்தால் ஓர் ஆள் எடைக்கு வருமாம். கொக்கியை அடித்து அதில் தானே தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியை மாட்டினார். நீல வளையம் போட்ட குழாயில் பச்சைத்தண்ணீர் உள்ளே போகும், சிவப்பு வளையம் போட்டதில் வெந்நீர் வெளியே வரும், நீல வளையத்துக்குக் கீழே கட்டைவிரல் நீளத்தில் சுவரைப் பார்த்தபடி ஒரு வால்வு. எல்லாம் முடிந்தது என்று நினைத்து நான் சுவிட்சைப் போடக் கையை நீட்டினேன், என் கைமேல் ஒரு தட்டு தட்டினார் பார். ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தாம வண்டிய எடுப்பீங்களா சார் என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் பச்சைத்தண்ணீரை உள்ளே விட்டார். குழாய் இருமியது, காறியது, காற்றும் தண்ணீருமாகத் துப்பியது, பிறகு சீராக ஒழுக ஆரம்பித்தது. தொட்டி நிறைந்து வழிகிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம், அதற்குப் பிறகுதான் கரண்ட். காலித் தொட்டியில் கரண்ட் விட்டால் உள்ளே தண்ணீரைச் சூடாக்குகிற கம்பி அந்த நிமிஷமே கருகிவிடும். சிவப்பு விளக்கு எரிந்தது, நாங்கள் மூன்று பேரும் குளியலறை வாசலில் நின்று அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் சூடாகி அது அணைந்ததும் அம்மாவை உள்ளே கூப்பிட்டுக் குழாயடியில் கையை நீட்டச் சொன்னேன். புகையில்லை, அடுப்பில்லை, தூக்க ஒரு பானையில்லை, சுவருக்குள்ளிருந்து வெந்நீர் வருகிறது. அம்மா கையை நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர் ஆறுகிற வரைக்கும் கையை எடுக்காமல் நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுநாளிலிருந்து அந்த வால்வு சொட்ட ஆரம்பித்தது. விளக்கு எரிகிற நேரமெல்லாம் சொட்டுச் சொட்டாக விழும், அணைந்தால் நிற்கும். அவசரத்திடம் கேட்டேன். அது ரிப்பேர் இல்ல சார், தண்ணி சூடானா உப்பும், உப்புன தண்ணிக்கு உள்ள இடம் பத்தாது, அதான் மூச்சு விடுது, அதுல ஒரு சின்னக் குழாய் மாட்டிச் சாக்கடை ஓட்டைக்கு விட்டுடலாம், நாளைக்கே கொண்டாறேன் என்றார். நாளைக்கே என்று அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் கீழே ஒரு மக்கை வைத்தேன், மக் நிறைந்து வழியும், தரை ஈரமாகும், அம்மா முகம் சுருங்கும். அந்த ஈரத்தில்தானே போன தடவை விழுந்தீங்க என்பாள். நானோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, உள்ளே தண்ணீர் உப்பி அந்தச் சின்ன ஓட்டை வழியாக மூச்சு விடுகிறது என்பதையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ரேடியேட்டர் மூடியோடு மல்லுக்கட்டியே வாழ்நாளைக் கழித்தவனுக்கு வீட்டுக் குளியலறையில் அதே சங்கதி நடப்பது எத்தனை ஆச்சரியம் தெரியுமா. காலையும் மாலையும் அம்மா கையை வெந்நீரில் நான் பிடித்துக்கொள்வேன், அவள் விரலை மடக்குவாள், வலித்தால் என் கையைக் கிள்ளுவாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் பரவாயில்லை என்பாள், அவ்வளவுதான்.

மழை விட்டுக் குளிர் ஆரம்பித்த சமயத்தில் ஒரு நாள் கவனித்தேன், சொட்டு நின்றிருந்தது. மக் காய்ந்து கிடந்தது. சரி, தானாகவே குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். எந்த ஒழுக்கும் தானாக அடைபடாது என்று எத்தனை கண்டக்டர்களுக்குக் கத்திக் கத்திச் சொன்னவன், அப்படி நினைத்தேன் பார். கொஞ்ச நாளில் தொட்டியின் கழுத்தில், குழாய் சேருகிற இடத்தில், ஈரம் கசிந்து சுவரில் ஒரு திட்டு விழுந்தது. அது பெரிதாகிக்கொண்டே போனதால் அவசரத்தை விடாமல் விரட்டி, எப்படியும் உள்ளே ஒரு தடவை சுத்தம் செய்ய வேண்டிய காலமும் வந்துவிட்டது என்று சொல்லி வரவழைத்தேன். அவர் சுவிட்சை அணைத்தார், பச்சைத்தண்ணீரை அடைத்தார், வெந்நீர்க் குழாயைத் திறந்து உள்ளே இருந்த அழுத்தத்தை இறக்கினார், தொட்டியைக் காலி செய்ய வால்வின் நெம்புகோலைத் தூக்கக் கையை அடியில் விட்டார். விட்ட கை அப்படியே நின்றது. டார்ச்சை வாங்கிப் பார்த்தார். சார், இதுக்கு யாரோ குல்லா போட்டிருக்காங்க என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். வால்வின் வாயில் ஒரு கார்க்கைச் செருகி, அதன்மேல் பழைய மழைக்கோட்டுத் துணியை மடித்து மடித்துத் தைத்த ஒரு சின்னக் குல்லா, கழுத்தில் மெழுகு தேய்த்த நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவசரத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. இதுவரை அவர் வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை, அன்றைக்குப் பேசினார். மூச்ச அடைச்சு வச்சிருக்கீங்களே சார், அதான் கழுத்து வழியா கசியுது, சூட்ட நிறுத்துற பாகமும் ஒரு நாள் மக்கர் பண்ணியிருந்தா தொட்டி வெடிச்சு சுவரோட போயிருக்கும் என்றார். அந்தத் தொட்டிக்குக் கீழேதான் தினமும் நாங்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அவர் கத்தியை எடுத்து நூலை அறுக்கப் போனார். அப்போதுதான் டார்ச் வெளிச்சத்தில் அந்தத் தையல் என் கண்ணில் பட்டது. சின்னச் சின்னத் தையல், ஒன்றுக்கொன்று அளவு மாறாமல், உன் பள்ளிக்கூடப் பாவாடை மடிப்பில் ஓடுமே, அதே தையல். அறுக்காதீங்க என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நகத்தால் பிரிக்கப் பார்த்தேன், முடிச்சு அசையவில்லை. அவசரமும் பார்த்தார், முடியவில்லை. வாசலில் அம்மா வந்து நின்றதை நாங்கள் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தள்ளுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்து, இரண்டு விரல் நுனியால் அந்த முடிச்சைப் பிடித்து, ஒரு சுண்டு சுண்டிப் பிரித்துக் குல்லாவை என் கையில் வைத்தாள். டம்ளர் பிடிக்காத விரல் அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அவசரம் பக்கத்தில் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டேன். கொஞ்ச நாளாகவே நூல் கோக்க வருகிறதாம், ஆனால் யாரிடமாவது சொன்னால் மறுபடி போய்விடுமோ என்று பயமாம், உன்னிடம் சொல்லி நீ சந்தோஷப்பட்டு அப்புறம் இல்லை என்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று வாயைத் திறக்கவில்லையாம். நீங்க அந்த ஈரத்துல மறுபடி விழுந்துடுவீங்கன்னுதான், சொட்டுற குழாய அடைச்சா என்ன ஆகிடப் போகுதுன்னு நெனச்சேன் என்றாள். நான் நடக்கப் போகிற நேரம் பார்த்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று கட்டியிருக்கிறாள். திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. வாளிமேல் ஏறியதற்கு மட்டும் பிறகு நன்றாகத் திட்டினேன்.

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். தொட்டியைக் காலி செய்து அடி மூடியைக் கழற்றியபோது வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொருக்கு கொட்டியது, அதோடு, சூடாக்குகிற கம்பிக்குப் பக்கத்தில் இருந்த வேறொரு கம்பியும் வெளியே வந்தது. மாட்டும்போது விரல் தடிமன் இருந்ததாம், இப்போது அங்கங்கே கரைந்து சில இடத்தில் ஊசி போல ஆகியிருந்தது. கெட்டுப்போச்சா என்று கேட்டேன். அது கெடறதுக்குன்னே வச்சது சார், தண்ணி தொட்டிய அரிக்காம இத அரிச்சுக்கிட்டுப் போகும், இது கரையிற வரைக்கும் தொட்டிக்கு ஒண்ணும் ஆகாது என்றார். அந்தக் கம்பியை வாங்கி வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்தவன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும். புதுக் கம்பி போட்டாயிற்று, கழுத்து வாஷர் மாற்றியாயிற்று, வால்வுக்குச் சாக்கடை வரைக்கும் குழாயும் வந்துவிட்டது, அவசரம் அதை அன்றைக்கே ஓடிப்போய்க் கொண்டுவந்தார், ஓடியதை நானே பார்த்தேன். இப்போது சொட்டுகிறது, தரை காய்ந்திருக்கிறது. அந்தச் சொட்டுச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கமே வருகிறது.

உன் வீட்டு ஹீட்டரையும் கொஞ்சம் கவனி. மாதம் ஒரு தடவை அந்த வால்வின் நெம்புகோலைத் தூக்கிவிட்டுப் பார், தண்ணீர் சூடாக வரும், கையைத் தள்ளி வை. சொட்டினால் சொட்டட்டும், சின்னவள் அதில் எதையாவது செருகாமல் பார்த்துக்கொள், அவள் பாட்டியின் பேத்தி. அந்தக் கரைகிற கம்பியைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, இரண்டு பேரும் கோபமாக இருக்கும்போது அலுவலகம் கிளம்பாதீர்கள். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், உன் காசில் வந்த சூட்டில் அம்மாவின் விரல் மடங்கிய புண்ணியம் உன்னைச் சேரட்டும்.

அந்தக் குல்லாவை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புவதாக இருந்தேன். உறையில் போட்டு ஒட்டப் போகும்போது அம்மா பார்த்துவிட்டாள். ஒரு ஓரம் கோணலா இருக்கு, இதப் போயா அவ பாக்கணும், பிரிச்சுத் தச்சுத் தரேன் என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். மெஷின்மேல் இருந்த துணியெல்லாம் இப்போது கட்டில்மேல் கிடக்கிறது, போர்வையையும் எடுத்தாயிற்று, உள்ளே மிதிக்கிற சத்தம் கேட்கிறது. கடிதம் தாமதமாக வந்தால் காரணம் அதுதான்.

இப்படிக்கு,
மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா