சேலையூர் வழியாக வரும் திட்டு

ஜூலை 7, திங்கள்

காலையில் தூறல். முடிச்சூர் ரோட்டில் பள்ளம் எது, ரோடு எது, தெரியவில்லை. லாரி கம்பெனியில் வேலை உறுதி. அதாவது பாதி உறுதி. இத்தனை வருஷம் காலேஜ் பஸ் ஓட்டினேன். பஸ்களைக் காண்ட்ராக்டுக்கு விட்டதும் வீட்டில் உட்கார்ந்தேன். இப்போது ஐம்பது வயதில் புதுப் பையன்.

கம்பெனி வழக்கம்: வெளிமாநில வண்டிக்கு இரண்டு டிரைவர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் தூங்கணும். புது ஆளுக்கு முதல் ட்ரிப் சீனியரோடு. திரும்பி வந்ததும் சீனியர் ‘சரி’ என்றால் வேலை. இல்லையென்றால் வீடு.

என் சீனியர் யார் என்றால், மாப்பிள்ளை பிரகாஷ். மகள் மஞ்சுவின் வீட்டுக்காரர். (இனி பி.) வேலைக்குச் சொல்லிவிட்டதே அவர்தான். சூப்பர்வைசர் தெரிந்துதான் சேர்த்துப் போட்டிருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

வீட்டில் வசந்தாவுக்கு ஒரே கவலை. “மாப்ள எதிர்ல லுங்கிய மடிச்சுக் கட்டிக்கினு நிக்காதீங்க.”

எடுத்துக்கொள்ள: கண்ணாடி, பி.பி. மாத்திரை, பேண்ட் இரண்டு, எலுமிச்சை ஊறுகாய்.

ஜூலை 8, செவ்வாய்

ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் லோடு. போகும் இடம் புனே. கேபினில் ஏறவே இரண்டு தம் கட்டவேண்டியிருந்தது. பி. பின்னால் இருந்து தாங்கலாமா வேண்டாமா என்று கையை நீட்டி, மடக்கி, நீட்டி.

ஓட்டுவது நன்றாகவே போனது. வாலாஜா தாண்டி ஒரு பஸ் ஸ்டாப்பில் ஒரு அம்மா கை காட்டினார். என் கை தானாக இண்டிகேட்டர் போட்டது, கால் தானாக பிரேக்குக்குப் போனது. லாரி நின்றேவிட்டது. அந்த அம்மா லாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரெண்டடி பின்னால் போனார்.

பி. திட்டவில்லை. “பரவால்ல மாமா.” அவ்வளவுதான்.

டீக்கு நிறுத்தியபோது போன். சேலையூரிலிருந்து மஞ்சு.

“எப்பா, பஸ் ஸ்டாப்புல நிறுத்துனியாமே. டிக்கெட் குடுத்தியா?”

“யார் சொன்னது?”

“அத விடு. லாரிய ரோட்டுல சும்மா நிறுத்தக்கூடாதாம். பின்னால வர்றவன் மோதிடுவானாம்.”

பி. தூரத்தில் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மும்முரமாக.

ஜூலை 9, புதன்

வெயில். கர்நாடகா. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மகளிடமிருந்து பாடம். இன்று வந்தவை:

கிளட்சை முழுசாக மிதிக்கணுமாம்.
வளைவில் பின்பக்கம் உள்ளே வருமாம், அகலமாகத் திரும்பணுமாம்.
ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடாதாம்.

மஞ்சுவுக்கு ஸ்கூட்டியே ஒழுங்காக வராது. பி. ஓட்டிக் காட்டுகிறார், கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிறார். நான் தப்பு செய்தால் மட்டும் வாயே திறப்பதில்லை. மற்ற புதுப் பையன்களை இவர் எப்படித் திட்டுவார் என்று யார்டில் கேட்டிருக்கிறேன். காது கூசும். எனக்கு மட்டும் மெசேஜ் சேலையூர் போய்ச் சுற்றிக்கொண்டு வருகிறது.

கேபினில் சீட்டுக்குப் பின்னால் படுக்க ஒரே ஒரு பெர்த். நான் ஓட்டாதபோது, “மாமா நீங்க படுங்க.” அவர் ஓட்டாதபோது, “மாப்ள நீங்க படுங்க.” கடைசியில் இரண்டு பேரும் முன்னாலேயே உட்கார்ந்து வருகிறோம். பெர்த்தில் எங்கள் பைகள் இரண்டும் நன்றாகத் தூங்குகின்றன.

ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை. நான் ஓட்டும்போது அவர் கண்ணை மூடுவதே இல்லை. வலது கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறது. பிறகு அவர் முறை வரும்போது கண் இரண்டும் மிளகாய்ப் பழம். என் மகளின் புருஷன். எனக்குப் பயந்து தூங்காமல், அப்புறம் அவரே ஓட்டுகிறார்.

இன்னொன்றும் தெரியும். திரும்பிப் போனதும் இவர் ‘சரி’ என்றுதான் சொல்வார். மாமனாரை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வார்? அந்த ‘சரி’யை வாங்கிக்கொண்டு நான் வேறு எவனோடு போய் எங்கே உருட்டுவேனோ.

ஜூலை 10, வியாழன்

இன்று எழுத்து கோணல்.

புனேக்கு முன்னால் நீள இறக்கம். நான் இதுவரை இறங்கிய மலை தாம்பரம் மேம்பாலம் ஒன்றுதான். பஸ் பழக்கத்தில் பிரேக்கை அழுத்தி அழுத்தி இறக்கினேன். லோடு பின்னால் இருந்து தள்ளுகிறது. ரப்பர் கருகுகிற மாதிரி நாற்றம். பிரேக் கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சு மாதிரி.

“யோவ், கால எடுய்யா. கியர கொற. கொறன்றேன்ல. இன்னாய்யா ஓட்டுற நீ.”

குறைத்தேன். இன்ஜின் ஒரு கத்து கத்தி வண்டியைப் பிடித்தது. அடிவாரத்தில் ஓரம் கட்டினேன். சக்கரத்தில் புகை.

பி. இறங்கி அந்தப் பக்கம் போய் நின்றார். வெகுநேரம் வரவில்லை. சிகரெட். (எனக்குத் தெரியாதாம்.) வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, “மாமா, வாய் தவறிடுச்சு. மஞ்சுகிட்ட சொல்லிடாதீங்க.”

“மாப்ள, மூணு நாளா இதுக்குத்தான் காத்துக்கினு இருந்தேன். அந்த யோவ் வரலன்னா நாம ரெண்டு பேரும் இப்ப பள்ளத்துல. இனிமே நேரா திட்டுங்க.”

“பெரியவங்கள எப்படி மாமா.”

“லாரிக்குள்ள மாமா கெடையாது.”

கொஞ்சம் யோசித்தார். “அப்ப பேரு சொல்லிக் கூப்புடவா?”

“அந்த அளவுக்கு வேணாம்.”

ஜூலை 12, சனி

திரும்பும் வழி. ஹூப்ளி பக்கம் மழை. இப்போது நேரடித் திட்டு. ஆனால் அதிலும் மரியாதை போகவில்லை. “மாமா, நீங்க சுத்த முட்டாள்தனமா ஓட்டுறீங்க மாமா.” ஒவ்வொரு சின்ன இறக்கத்திலும் கியரில் இறக்கச் சொல்லி உயிரை எடுக்கிறார். மஞ்சு போன் செய்து, “ரெண்டு நாளா உன்ன பத்தி ஒரு புகாரும் காணோமே, சண்டையா?” என்றாள்.

பெர்த் இன்னும் பைகளுக்குத்தான்.

ஜூலை 14, திங்கள்

யார்டு. சூப்பர்வைசர், என்னை வைத்துக்கொண்டே: “இன்னா பிரகாஷ், உங்க மாமா தேறுவாரா?”

பி. தரையைப் பார்த்தார்.

“ரோடு நல்லா ஓட்டுறாரு சார். எறக்கம் வரல. இன்னொரு ட்ரிப் என்கூட வரட்டும். இப்ப வேற வண்டில போடாதீங்க.”

“வூட்டுக்குப் போனா சோறு கெடைக்குமா உனக்கு?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும். உள்ளே சுருக்கென்றது, பொய் சொல்வானேன். ஆனால் பஸ் ஏறி தாம்பரம் வருவதற்குள் ஒரு நிம்மதி. இனி அவர் வாயிலிருந்து ‘சரி’ வந்தால் அது சரிதான்.

வசந்தாவுக்குப் புரியவில்லை. “பொண்ணக் குடுத்த வீடு. ஒரு வார்த்த நல்லதா சொன்னா கொறஞ்சா போவாரு?”

ஜூலை 18, வெள்ளி

பல்லாவரம் சந்தை. முதுகுக்கு ஒரு குஷன். வசந்தா வேண்டாத ஒரு மீன் தொட்டியையும் விலை கேட்டாள்.

மாலை மஞ்சுவும் பி.யும் சாப்பிட வந்தார்கள். வசந்தா மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமலே பரிமாறினாள். கோபம். வடை மட்டும் கேட்காமல் மூன்றாவது தடவையும் விழுந்தது அவர் இலையில். எனக்கு ஒன்று.

ஜூலை 21, திங்கள்

கிருஷ்ணகிரி. மதிய வெயில். டீக்கடை ஓரமாக வண்டி. கேபினில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

மறுபடி புனே லோடு. வாலாஜாவில் ஸ்டியரிங்கை நான் வாங்கினேன். பி. கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தார். பிறகு, “மாமா, சித்த சாயுறேன்,” என்று பைகளைத் தள்ளிவிட்டுப் பின்னால் போனார். திரை வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார் என்று நினைத்து ஒழுங்காக ஓட்டினேன். ஆம்பூர் தாண்டி ஒரு சத்தம். கியர் பாக்ஸ் என்று பயந்துவிட்டேன். கியர் பாக்ஸ் இல்லை, குறட்டை.

இப்போதுதான் மஞ்சு கூப்பிட்டாள்.

“எப்பா, அவரு போன் எடுக்கல.”

“தூங்குறாரும்மா.”

“வண்டி நிக்குதா?”

“இப்பதான் நிறுத்தினேன். அவரு ஆம்பூர்லேர்ந்து தூங்குறாரு.”

“அப்ப யாரு ஓட்டுனது?”

“நான்தான்.”

அந்தப் பக்கம் குக்கர் விசில். “எழுப்பாதப்பா,” என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை.

நான் கையை நீட்டி, போனைப் பெர்த் பக்கம் பிடித்தேன்.